திருகோணமலைப் பிரெட்றிக் கோட்டை: கட்டட வரலாறு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

திருகோணமலை நகரிலிருந்து கோணேசர் கோவிலுக்குச் செல்லும் அடியார், கோவிலைக் காண்பதற்கு முன்னர் ஒரு படைக்கோட்டையின் வாயிலைக் கடந்தாக வேண்டும். அவ்வாயிலின் மேற்புறத்தில் பிரித்தானிய அரச இலச்சினை பொறிக்கப்பட்டுள்ளது. அதே வாயிலின் பக்கக் கல்லொன்றில் இரு மீன்களின் உருவமும், சிதைவுற்ற தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் காணப்படுகின்றன. ஓர் ஆட்சி தனது முத்திரையை உச்சியிலே பதித்தது. அதற்கு முற்பட்ட ஆட்சியொன்றின் முத்திரை வெறும் கட்டடப் பொருளாகக் கீழே செருகப்பட்டுள்ளது. இக்கோட்டையின் கட்டட வரலாறு முழுவதும் இவ்வொரு வாயிலிலே சுருங்கிக் கிடக்கிறது எனலாம்.

கோட்டையின் பெயரே ஆராய்ச்சிக்குரியது. 1803 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இதற்கு மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் மகனான யோர்க் கோமகன் பிரெட்றிக்கின் பெயரைச் சூட்டினர். கோட்டை அப்பெயருக்கு ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் மூத்தது. சுவர்களிலுள்ள கற்களுட் பல சுவர்களுக்குப் பன்னூறாண்டுகள் மூத்தவை. எனினும் சுற்றுலாக் கையேடுகளும், பாடநூல்களும், ஏன், நம்மவர் எழுதிய கட்டுரைகள் சிலவுங்கூட இதனை 'ஒல்லாந்தர் கோட்டை' என்றோ 'ஆங்கிலேயர் கோட்டை' என்றோ ஒரு சொல்லில் வகைப்படுத்தி அமைதி கொள்கின்றன. மறுபுறத்தில், தலபுராண மரபிற் காலூன்றி நிற்கும் எழுத்தாளர், கோட்டையைக் கட்டடமாகவே கணக்கில் எடுப்பதில்லை. அவர்களுக்கு அது கோவிலை மறைத்து நிற்கும் திரை மட்டுமே. இவ்விரு நோக்குகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும், இரண்டும் ஒரே பிழையைச் செய்கின்றன. பல கைகள் பல காலத்தில் எழுதிய ஏடொன்றிலே தமக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் படித்து ஏனையவற்றை வெற்றுத்தாளாகக் கொள்வதே அப்பிழை.

முதலில் இடத்தை நோக்குவோம். கோணமலைக் குடாநாடு கடலுள் நீண்டு, செங்குத்தான பாறை முனையில் முடிகிறது. அதன் இருபுறமும் திறந்த குடாக்கள். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் புகழப்படும் உட்துறைமுகமோ இக்குடாநாட்டுக்கு அப்பால், தென்மேற்கே அமைந்துள்ளது. ஆகவே, துறைமுகத்தைக் காப்பதே நோக்கமாயின், கோட்டைக்கு உரிய இடம் இதுவன்று. ஒல்லாந்தர் பின்னர் துறைமுக வாயிலருகேயுள்ள குன்றின்மேல் ஒஸ்ரன்பேர்க் என்னும் இரண்டாவது கோட்டையைக் கட்டியதும் இக்காரணம்பற்றியே. போர் வரலாறும் இதனையே உறுதிசெய்கிறது. 1782 ஜனவரியில் ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹியூஸ் வந்தபோது திருகோணமலைக் கோட்டை பெரிய எதிர்ப்பின்றி அவர் கைக்குள் வந்தது. ஒஸ்ரன்பேர்க்கைத்தான் சில நாட்களின் பின் தாக்கிப் பிடிக்க நேர்ந்தது. அதே ஆண்டு ஓகஸ்ற் மாத இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் வந்தபோதும், 1795 ஓகஸ்றில் ஆங்கிலேயர் மீண்டும் வந்தபோதும் இவ்வரிசை மாறவில்லை. முன்னது முதலில் வீழும். பின்னது அடுத்து வீழும்.

அவ்வாறாயின் போர்த்துக்கேயர் ஏன் இங்குக் கட்டினர்? 1620 ஆம் ஆண்டில் ஓவ கெத்த தலைமையில் டேனியக் கப்பல்கள் இக்கரைக்கு வந்து கண்டியரசன் செனரத்துடன் பேச்சு நடத்தின. வேறோர் ஐரோப்பிய வல்லரசு கண்டியுடன் கைகோத்துக் கிழக்குக் கரையிற் காலூன்றிவிடும் என்ற அச்சம் போர்த்துக்கேயரை விரைவுபடுத்தியது. கொன்ஸ்ரன்ரீனு த சா என்னும் தளபதி 1624 அளவில் முக்கோண வடிவிலான சிறிய கோட்டையொன்றை இங்கு எழுப்பினான். கோவிலின் அழிவை மரபு 1622 இன் சித்திரைப் புத்தாண்டு நாளோடு பொருத்துகிறது. போர்த்துக்கேயப் பதிவுகள் அதனைக் கோட்டை கட்டிய காலத்தோடு சேர்த்துக் கூறுகின்றன. ஆண்டு எதுவாயினும் தொடர்பு ஒன்றே. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோவாவிலிருந்து எழுதிய பெர்னாவோ த கெய்றோஸ் பாதிரியார், குன்றிலும் அதன் சரிவிலும் மூன்று கோவில்கள் இருந்தன என்றும், அவற்றின் கற்களைக் கொண்டே கோட்டை கட்டப்பட்டது என்றும் மறைவின்றிப் பதிந்துள்ளார். வெட்டிச் செதுக்கிய கருங்கல் அவ்வளவு பெருந்தொகையாக வேறெங்கும் ஆயத்தமாகக் கிடைத்திராது. எனவே கோட்டையின் இடத்தைத் தீர்மானித்தது துறைமுகம் மட்டுமன்று. கோவிலும் அதைத் தீர்மானித்தது. கோவில் கற்சுரங்கமாகவும் பயன்பட்டது. அதை வீழ்த்தியதே ஓர் அரசியல் அறிவிப்பாகவும் பயன்பட்டது. மதவெறி என்ற ஒரு காரணத்தை மட்டும் கூறி இச்செயலை விளக்க முயல்வோர் இப்பொருளியல் அடிப்படையைக் காணத் தவறுகின்றனர். ஆனால், இது வெறும் கட்டடச் சிக்கனமே என்று கூறுவாரும் தவறுகின்றனர்.

இங்கே ஒன்றை மனங்கொளல் வேண்டும். அழிக்கப்பட்ட கோவில் சமூக உறவுகளுக்கு அப்பாற்பட்ட ஒரு தூய வெளியாக இருந்ததில்லை. நிலாவெளியிற் கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு, இத்தலத்திலுள்ள ஈசுவரத்துக்கு 250 வேலி நிலம் வழங்கப்பட்டதைக் கூறுகிறது. கோணேசர் கல்வெட்டு என்னும் நூல், தானத்தார், வரிப்பத்தார் எனப்படும் தொழும்பாளரின் கடமைகளை விரிவாக வகுத்துரைக்கிறது. கோவில் ஒரு பெரிய நிலவுடைமையாளன். உழைப்பைப் பங்கிட்டு, அப்பங்கீட்டைத் தெய்வ ஆணையாக நிலைநாட்டிய நிறுவனம். சம்பந்தர் பாடிய ஏழாம் நூற்றாண்டிலிருந்து போர்த்துக்கேயர் வருகை வரையில் அதுவும் மாறாத ஒரே கட்டடமாக இருந்திருக்க இயலாது. கோட்டையுட் கிடைத்த வாயிற்கல் ஒன்றிலுள்ள கிரந்த எழுத்து வடமொழிக் கல்வெட்டு, சக ஆண்டு 1145 இல், அதாவது கி.பி. 1223 இல், சோடகங்கன் என்பானின் வருகையைக் குறிக்கிறது. அதே நூற்றாண்டின் பாண்டியன் சடாவர்மன் வீரபாண்டியன், கோணமலையில் இணைக்கயற் கொடியை நாட்டியதாகக் குடுமியான்மலைக் கல்வெட்டுப் பேசுகிறது. கோட்டை வாயிலின் மீன்களை அறிஞர் அதனோடு தொடர்புபடுத்துவர். கோவிலிலும் ஒவ்வோர் ஆட்சியும் தன் அடையாளத்தைப் பொறித்தே சென்றது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சோழனும் பாண்டியனும் கட்டடத்தின் பயனை மாற்றாது அதன்மேற் கட்டினர். போர்த்துக்கேயர் கல்லை வைத்துக்கொண்டு பயனை அழித்தனர்.

வாயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு இவ்விடத்தில் மிகுந்த கவனத்துக்குரியது. கொட்றிங்ரன் 1920களிலேயே இதனை ஆராய்ந்து வெளியிட்டார். குளக்கோட்டன் முன்னர் செய்த திருப்பணியைப் பறங்கியர் பின்னர் பிரிப்பர் என்றும், அதன்பின் வரும் அரசர் அதைப் பேணும் எண்ணமின்றி இருப்பர் என்றும் பொருள்படும் வண்ணம் அதன் எஞ்சிய சொற்கள் படிக்கப்பட்டுள்ளன. மக்களிடையே வழங்கும் பாடலோ அதற்கு மேலும் செல்கிறது. கண்ணின் நிறத்தால் அடையாளங் காட்டப்படும் அந்நியர் பலர் ஒருவர்பின் ஒருவராக அதில் வருகின்றனர். ஒல்லாந்தரையும் ஆங்கிலேயரையும் அவர்களுட் கண்டுகொள்வது மரபு. பக்தர் இதனைத் தீர்க்கதரிசனம் என்பர். நிகழ்ந்தபின் எழுந்த முன்னறிவிப்பு என்பதே ஆய்வாளனுக்கு ஏற்புடைத்தாகும். ஆனால் அத்துடன் விட்டுவிடுவது திறனாய்வு ஆகாது. கல்லில் நின்றுபோன செய்யுள் வாய்மொழியில் வளர்ந்தது. புதிய ஆட்சி வருந்தோறும் புதிய அடி சேர்ந்தது. கோட்டைச் சுவர் எவ்வாறு வளர்ந்ததோ அவ்வாறே அப்பாடலும் வளர்ந்தது. ஆட்சியாளர் கொத்தளங்களைச் சேர்த்தனர். ஆளப்பட்டோர் அடிகளைச் சேர்த்தனர். சுவர் வரலாற்றை வென்றவர் பக்கத்திலிருந்து எழுதியது. பாடல் அதே வரலாற்றை, எல்லா ஆட்சியும் கழிந்துபோம் என்ற நம்பிக்கையோடு, மறுபக்கத்திலிருந்து எழுதியது. நாட்டார் இலக்கியத்தை வெறும் பழமைப் பொருளாகக் கருதும் நம் ஆய்வாளர் இப்பாடலை இந்நோக்கில் அணுகாமை வியப்புக்குரியது.

ஒல்லாந்தர் இரண்டாம் இராசசிங்கனோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் கீழ் 1639 இல் கோட்டையைக் கைப்பற்றினர். அது பின்னர் கண்டியரசனிடம் சென்று தகர்க்கப்பட்டது; 1660களில் ஒல்லாந்தர் தம் தேவைக்காகத் திரும்பவும் கட்டத் தொடங்கினர். 1672 இல் த லா ஹே தலைமையிற் பிரெஞ்சுக் கப்பற்படை கொட்டியாரக் குடாவுக்கு வந்தது, கட்டடவேலையை மேலும் விரைவுபடுத்தியது. இன்று நாம் காணும் சுவர்களின் பெரும்பகுதி இக்காலத்ததே. போர்த்துக்கேயர் முக்கோணமாகச் சுருக்கிய இடத்தை ஒல்லாந்தர் குடாநாட்டின் குறுக்கே விரித்தனர். நிலப்புறத்தே ஸீபேர்க், ஆம்ஸ்ரடாம் முதலிய கொத்தளங்கள் எழுந்தன. பீரங்கிக் குண்டைத் தாங்கும் தாழ்ந்த, தடித்த, சரிந்த சுவர்; ஒரு கொத்தளத்தின் முகத்தை மற்றொன்றிலிருந்து காக்கும் கோணம்; இவை அக்கால ஐரோப்பியக் கோட்டைக் கலையின் இலக்கணங்கள். அக்கலைக்கு இங்குள்ள கோவிற்கல் இசைந்து கொடுத்தது. செதுக்கிய முகம் உட்புறம் திரும்ப, செதுக்காத முகம் வெளியே தெரிந்தது. எத்தனை சிற்பங்கள் இவ்வாறு சுவருக்குள் முகம் திருப்பி நிற்கின்றன என்பதைச் சுவரைக் குலைக்காமல் எவரும் எண்ண முடியாது.

கல்லைத் தூக்கியவர் யார் என்ற கேள்வியை நம் வரலாற்று நூல்கள் கேட்பதில்லை. தளபதிகளின் பெயர்களும் கொத்தளங்களின் பெயர்களும் எஞ்சியுள்ளன. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணப் பகுதியில் 'ஊழியம்' என்ற கட்டாய வேலைமுறை எவ்வளவு கொடிதாக நிலவியது என்பது யாவரும் அறிந்ததே. கோவிலைக் கட்டிய தொழும்பாளனின் வழித்தோன்றல் அதன் கல்லைக் கோட்டைக்குச் சுமந்திருத்தல் கூடும் என்ற எண்ணம் இச்சுவரருகே நிற்கும்போது தவிர்க்கமுடியாது எழுகிறது.

பாறை முனையருகே ஒல்லாந்த மொழி வாசகம் பொறித்த தூணொன்று உண்டு. அதில் பிரான்சினா வான் ரீட என்ற பெயரும் 1687 என்ற ஆண்டும் உள்ளன. காதலன் கப்பலேறிப் பிரிந்தமையால் அவள் இப்பாறையிலிருந்து கடலிற் பாய்ந்தாள் என்னும் கதை ஆங்கிலேயர் காலத்திலிருந்து சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் தாவர நூலைத் தொகுப்பித்த ஹென்ட்ரிக் வான் ரீடவின் வளர்ப்பு மகளே பிரான்சினா. 1687 இன் பின்னரும் அவள் உயிரோடிருந்தாள், திருமணமும் செய்துகொண்டாள். கதை பொய்த்தது. தூண் பொய்க்கவில்லை: அது ஒரு கோவில் தூணாகவே கருதப்படுகிறது. கற்பனைப் பெண்ணின் கற்பனைச் சாவுக்கு இரங்கிய பயணிகள், அவள் பெயரைத் தாங்கும் தூண் எங்கிருந்து வந்தது என்று கேட்க மறந்தனர். கோட்டைக்குள்ளே 'வெலிங்டன் இல்லம்' என்ற பெயரோடு நிற்கும் வீடும் இவ்வகையினதே. ஆதர் வெல்லஸ்லி 1800 ஆம் ஆண்டின் முடிவிலும் 1801 இன் தொடக்கத்திலும் படையோடு இங்குத் தங்கியிருந்தது உண்மை. அவர் இங்கு நோயுற்றுத் தங்கியமையால், பின்னர் மூழ்கிய 'சுசானா' கப்பலில் ஏறாது தப்பினார் என்பது கதை. அவர் நோயுற்றது பம்பாயில்.

ஆங்கிலேயர் கட்டடத்திற் செய்த மாற்றம் புறத்தோற்றத்தில் சிறிது, பயன்பாட்டிற் பெரிது. படைக்குடியிருப்புகளும் அலுவலர் இல்லங்களும் சுவர்களுக்குள்ளே நிரம்பின. இருபதாம் நூற்றாண்டில் கரையோரப் பீரங்கிகளுக்கான நிலைகள் அமைந்தன. 1942 ஏப்பிரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, கடற்கொத்தளக் கோட்டைகளின் காலம் முடிந்துவிட்டமை வெளிப்பட்டது. 1957 இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்து வெளியேறியது. கோட்டை இலங்கைப் படையின் இருப்பிடமாகத் தொடர்ந்தது.

இந்நிலையிற் புறநாட்டு உதாரணமொன்று பயன்தரும். 1795 இல் திருகோணமலையைக் கைப்பற்றிய கேணல் ஜேம்ஸ் ஸ்ருவேட்டின் படையில் ஸ்கொத்லாந்து மலைநாட்டவரான 72 ஆம் படைப்பிரிவினர் இருந்தனர். அவர்தம் நாட்டிலேயே ஸ்ரேர்லிங் கோட்டை இதையொத்த ஒரு விதியை அடைந்தது. நான்காம் ஜேம்ஸ் மன்னனுக்காக 1503 அளவில் நிறைவுற்ற அதன் பேரவை மண்டபம், 1800 அளவிலிருந்து குறுக்குச்சுவர்களும் இடைத்தளங்களும் செருகப்பட்டுப் படைவீரர் விடுதியாயிற்று. 1964 இற் படை வெளியேறியது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நிகழ்ந்த புனரமைப்பில் படைக்காலச் சேர்க்கைகள் அகற்றப்பட்டன. 1999 இல் மண்டபம் பொன்னிறச் சுண்ணப்பூச்சோடு திறந்துவைக்கப்பட்டது. அந்நிறத்தைக் கண்டு முகஞ்சுளித்தோர் பலர். எனினும் நம் சிந்தனைக்கு வேண்டியது நிறமன்று. நூற்றறுபது ஆண்டுக்கு மேற்பட்ட விடுதி வரலாற்றை அகற்றி, ஓர் அரசனின் ஐந்நூறாண்டு பழைய விழா மண்டபத்தை மீட்பது என்று ஒரு சமூகம் முடிவு செய்தது. அத்தெரிவைச் செய்வதற்கு முதற்படியாகப் படை வெளியேறியிருந்தது. கட்டடம் ஆண்டுக்கணக்கில் அளந்து ஆராயப்பட்டது.

திருகோணமலையில் இவ்விரு படிகளும் நிகழவில்லை. தெரிவு பற்றிய சண்டை மட்டும் நிகழ்ந்தது. 1950 இல் நகரசபையினர் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1952 இல் அவை மீண்டும் வழிபாட்டுக்கு வந்தன. 1956 இல் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் பாறையடிக் கடலில் மூழ்கியபோது கோவிற் தூண்களைக் கண்டனர்; கிளாக் அடுத்த ஆண்டு வெளியிட்ட நூலில் அதனை எழுதினார். 1963 இல் புதிய கோவிலின் குடமுழுக்கு நிறைவேறியது. 1968 இல் உள்ளூராட்சி அமைச்சர் மு. திருச்செல்வம் கோட்டைக்குள் கோவிற் சூழலைப் புனித நகராக்குவது பற்றி ஆராயக் குழுவொன்றை அமைத்தார். பௌத்த பிக்கு ஒருவரின் ஆட்சேபத்தை அடுத்துப் பிரதமர் டட்லி சேனநாயக்க அதனை நிறுத்தினார். அமைச்சர் பதவி துறந்தார். மகாவம்சம் கூறும் கோகர்ண விகாரை இக்குன்றிலேயே இருந்தது என்னும் வாதமும், அதனை மறுக்கும் வாதமும் அதன்பின் கட்டட ஆராய்ச்சியின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிம்களோ ஒருவரும் இடம்பெறவில்லை. தொல்லியல் யாருக்காகப் பேச வைக்கப்படுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதற்கு எதிர்வினையாக நம்மவர் சிலர், கோட்டையைக் கலைத்துக் கோவிற் கற்களை மீட்க வேண்டும் என்று பேசுவர். அவ்வுணர்ச்சியின் நியாயத்தை நான் மறுக்கவில்லை, வழியை மறுக்கிறேன். சுவரிலிருந்து பிடுங்கப்பட்ட கல் எவ்வாட்சி எப்போது எங்கு வைத்தது என்ற சான்றை இழந்துவிடும். அழிவுக்கே அச்சுவர்தான் சாட்சி; அதைக் கலைப்பவர், போர்த்துக்கேயன் செய்தானென்பதற்கான தடயத்தையும் சேர்த்தே கலைக்கிறார். ஓர் இனத்தின் உரிமையை இன்னோர் இனத்தின் உரிமைக்கு எதிராக நிறுத்துவோர் இருசாராரும், தத்தமக்கு வேண்டிய அடுக்கைத் தவிர ஏனையவற்றை அகற்றவே விழைகின்றனர். இராணுவ வேலியோ அடுக்குகள் யாவற்றையும் ஒருங்கே பூட்டி வைத்துள்ளது.

வேண்டப்படுவது முதலில் ஒரு பட்டியல். சுவரின் வெளிமுகத்தில் தெரியும் ஒவ்வொரு செதுக்கற் கல்லும், தூண் துண்டும், எழுத்தும் இடங்குறித்துப் பதியப்பட வேண்டும். கடலடியிற் கிடப்பவையும் அவ்வாறே. தமிழ், சிங்கள, ஒல்லாந்த, போர்த்துக்கேய மூலங்களைப் படிக்கவல்லோர் கூடிச் செய்ய வேண்டிய பணி இது. பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகள் இதற்கு முன்வருதல் கூடும். ஆயின் படைத்துறை அனுமதியின்றி அளவுநாடா ஒன்றைக்கூட அச்சுவரின் எல்லாப் பகுதிகளிலும் பிடிக்க இயலாது. வாயிற்கல்லின் எழுத்தோ, நாளாந்தம் ஊர்திகள் செல்லும் வழியோரத்திலேயே உள்ளது. கொட்றிங்ரன் படித்தபோது சிதைந்திருந்த சொற்களுள் இன்று எத்தனை எஞ்சியுள்ளன என்பதை ஒரு மையொற்றுப் படியெடுத்துப் பார்த்தால் ஒரு முற்பகலிலே அறிந்துவிடலாம்.